கணக்குக் கேட்டல்

உறவினரிடம் கணக்குக் கேட்பது மட்டக்களப்புக் கிராமங்களிற் பண்பற்ற செயலாகவே இன்றும் எண்ணப்படுகின்றது. கடன் கேட்கலாம், விதைநெல் கேட்கலாம், பெண் கேட்கலாம். இவற்றுள் எதைக் கேட்டாலும் உறவு வளரும். கணக்கைக் கேட்டாலோ உறவு முறியும். "என்னில நம்பிக்கை இல்லையா?" என்ற ஒரு வினாவோடு அன்றுவரை இருந்த போக்குவரத்து நின்றுவிடும். ஆதலாற் கேட்க வேண்டியவர் கேட்பதில்லை. சொல்ல வேண்டியவரும் சொல்வதில்லை. கேட்கப்படாத கணக்கு மனத்தின் ஒரு மூலையிற் கிடந்து வட்டியோடு வளர்ந்து வருகின்றது.

இவ்வாறு வளர்ந்த ஒரு கணக்கையும், அது ஒரு நாள் தாளில் அச்சாகி வெளிவந்த விதத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வங்கியொன்றிடம் கணக்குக் கூற்றுக் கேட்பது மிகச் சிறிய அலுவல். ஒரு கடிதமும் ஒரு கையொப்பமும் போதும். ஆயினும் அச்சிறிய அலுவலைச் செய்ய ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

செட்டிபாளையம் மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கிற் கடலும் மேற்கில் வாவியும் அணைந்திருக்க, இடையிற் செல்லும் கல்முனை வீதியை ஒட்டி அமைந்த ஊர். வாவிக்கு அப்பால் உள்ள நிலம் படுவான்கரை. இப்பால் உள்ளது எழுவான்கரை. ஞாயிறு படும் திசையில் வயலும், எழும் திசையில் வீடுமாக வாழும் குடும்பங்கள் இப்பகுதியிற் பல உண்டு. ஊரின் பெயரிலேயே வணிகரைக் குறிக்கும் சொல் ஒன்று அமைந்திருக்கின்றது. எனினும் வரவையும் செலவையும் தாளில் எழுதிவைக்கும் வழக்கம் இங்கு வீடுகளுக்குள் நுழையவில்லை. எழுதிவைப்பது அந்நியரோடு செய்யும் அலுவல். உறவுக்குள் வாய்ச்சொல்லே போதும் என்பது பொதுவான எண்ணம்.

இவ்வூரிலே தாய், மகள், மகன் என மூவர் கொண்ட குடும்பம் ஒன்று. தந்தையார் 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையோடு போனவர். அப்போது மகளுக்கு ஆறு வயது; மகனுக்கு மூன்று. கடற்கரையை அண்டியிருந்த வீடும் அன்றே போயிற்று. தாய்வழியாக வந்த காணித்துண்டு ஒன்று வீதிக்கு மேற்கே இருந்தது. அதில் ஒரு கல்வீடு எழுப்ப வேண்டும். அதனை மகளுக்குச் சீதனமாக எழுத வேண்டும் என்பதே தாயாரின் வாழ்நாள் நோக்கமாயிற்று. மட்டக்களப்பிலே வீடு பெண்ணுக்குரியது. மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வதே வழக்கம். ஆதலின் வீடு இல்லாவிடிற் கலியாணப் பேச்சும் இல்லை.

2017 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தாயார் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குச் சென்றார். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இலங்கைப் பெண்கள் பலர் சென்ற பாதை அது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது முதல், போகின்றவர் நிரப்ப வேண்டிய தாள்கள் பெருகின. 2013 ஆம் ஆண்டில் அறிமுகமான குடும்பப் பின்னணி அறிக்கையிற் பிள்ளைகளைப் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் காட்ட வேண்டியிருந்தது. தாயாருடைய தமையனார் அப்பொறுப்பை ஏற்றார். அவரே வீட்டைக் கட்டுவிப்பது என்றும் முடிவாயிற்று. களுவாஞ்சிகுடியில் உள்ள வங்கியொன்றில், இருவருள் எவரேனும் கையொப்பமிட்டுப் பணம் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு, அண்ணன் தங்கை இருவர் பெயரிலும் ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்குத் திறக்கப்பட்டது. போகும்போது கேட்கப்பட்ட தாள்களின் எண்ணிக்கையையும், அனுப்பிய பணத்துக்கு அக்குடும்பம் பேணிய தாள்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுவோர் வியப்படைவர். பின்னதற்கு இருந்தது ஒரேயொரு சேமிப்புப் புத்தகம்.

2020 ஆம் ஆண்டு டிசெம்பரில் தாயார் நாடு திரும்பினார். வீடு எழுந்திருந்தது. சுவருக்குப் பூச்சு முடிந்து, கூரைக்கு ஓடு வேயப்பட்டு, குந்துக்கு மாத்திரம் சீமெந்துப் பூச்சு எஞ்சியிருந்தது. மகிழ்ச்சியான நாட்கள் சில கழிந்தபின், தாயார் தம் மனத்துள்ளே பெருக்கிப் பார்க்கத் தொடங்கினார். நாற்பத்தாறு மாதங்கள், மாதம் ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபா, ஆகப் பதின்மூன்று இலட்சத்து எண்பதாயிரம். அண்ணன் சொன்ன செலவோ பன்னிரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல். மிச்சம் எங்கே? இவ்வினாவை அவர் அண்ணனிடம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டார். பக்கத்து வீட்டில் கேட்கப்பட்ட வினா மூன்று நாட்களில் அண்ணன் வீட்டை அடைந்தது. அன்று முதல் அவர் தங்கையின் வாசலை மிதிக்கவில்லை. புத்தகத்தை மாத்திரம் தம் மகனிடம் கொடுத்தனுப்பினார்.

அப்புத்தகம் ஐயத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாகப் பெருக்கியது. சேமிப்புப் புத்தகம் வங்கிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அச்சிடப்படும்போது மாத்திரமே வளர்வது. மாமன் அதை நெடுநாள் அச்சிடுவியாது விட்டிருந்தார். பின்னர் ஒரு நாள் கொடுத்தபோது, அச்சாகாத பதிவுகள் மிகுந்திருந்தமையால், அவை தனித்தனியே வராது, வந்த தொகை இவ்வளவு, போன தொகை இவ்வளவு என்ற இரண்டு வரிகளாகச் சுருங்கிவிட்டன. 2018 இன் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஈராண்டு வரலாறு அவ்விரு வரிகளுக்குள் மறைந்து போயிற்று. எந்த மாதம் பணம் வந்தது, எந்த நாளில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பன அதிலே இல்லை. ஐயுறுவோர்க்கு வெற்றிடத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. பேசாத அண்ணனும் பேசாத தங்கையுமாக 2021 உம் 2022 உம் கழிந்தன.

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகளுக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். வீட்டை எழுதும் நாளும் குறிக்க வேண்டியதாயிற்று. ஆனால் தாய்மாமன் இல்லாத கலியாணம் எவ்வாறு நடக்கும்? முறைப்படி முன்னிற்க வேண்டியவர் அவர். "அவர் வந்தாத்தான் வருவார், நான் போய்க் கேட்க மாட்டன்" என்றார் தாயார். "என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிற வீட்டுக்கு நான் எப்பிடிப் போவன்?" என்று மாமன் சொன்னதாகச் செய்தி வந்தது. இந்நிலையிலேதான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்திற் பயின்று கொண்டிருந்த மகன் விடுமுறைக்கு வீடு வந்தான்.

அவனுக்குக் காரியம் எளிதாகத் தோன்றியது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேருந்தேறிக் களுவாஞ்சிகுடிக்குப் போனான். கருமபீடத்தில் நின்று கணக்குக் கூற்றுக் கேட்டான். அங்கிருந்த உத்தியோகத்தர் புத்தகத்தைப் பார்த்தார். அவனுடைய அடையாள அட்டையைப் பார்த்தார். தர இயலாது என்றார். "அம்மாவுடைய கணக்கு" என்று மகன் சொன்னான். "அதனாலேதான் தர இயலாது" என்றார் அவர். மகன் சினந்து திரும்பினான். ஆனால் அச்சினம் நியாயமற்றது. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 77 ஆம் பிரிவு, வாடிக்கையாளரின் கணக்கு விடயங்களை இரகசியமாகப் பேண வங்கி ஊழியரைக் கட்டுப்படுத்துகின்றது. கணக்குக்கு உரியவரைத் தவிர வேறெவருக்கும், அவர் பெற்ற பிள்ளையாயினும், அதனைக் காட்டுதல் ஆகாது. மகன் என்ற உறவு கருமபீடத்துக்கு இப்பால் மாத்திரமே செல்லுபடியாகும். இதனை அவன் பின்னர் நூலகத்திற் படித்து அறிந்தபோது, தன்னைத் திருப்பி அனுப்பியவர் தன் தாயின் பணத்தைக் காத்தவர் என்பதையும் உணர்ந்தான்.

ஆகவே தாயாரே செல்ல வேண்டும். கூட்டுக் கணக்காயின் உரியவருள் ஒருவர் கேட்டாலே போதும். மற்றவரின் சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் தாயார் இசையவில்லை. அண்ணனுக்குத் தெரியாமற் கூற்று எடுப்பது அவரை வேவு பார்ப்பதற்கு ஒப்பாகும் என்பது அவரது எண்ணம். அதற்கும் மேலாக வங்கிக்குப் போவதே அவருக்கு அச்சம் தந்தது. கூற்று என்ற சொல்லுக்குத் தமிழில் உரை என்றும் பொருளுண்டு. யமன் என்றும் பொருளுண்டு. தாயார் அஞ்சியது இரண்டாவது பொருளையே எனலாம்.

அவ்வச்சத்துக்கு வரலாறு உண்டு. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டத்துக்குப் பின்னர், அரச அலுவலகத்துப் படிவம் என்றாற் பிறர் மொழியில் உள்ள ஏதோ ஒன்று என்று அஞ்சி வளர்ந்த தலைமுறை ஒன்று இப்பகுதியில் உண்டு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் தாயிடமிருந்து மகளுக்கு வந்த அச்சம் சட்டத் திருத்தத்தால் ஒரே நாளில் நீங்கவில்லை. தாயாருடைய தாயார் கச்சேரிக்குப் போகும்போது எவ்வாறு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓரமாக நிற்பாரோ, அவ்வாறே தாயாரும் வங்கியில் ஓரமாக நிற்பவர். கடன் வாங்க வந்தவரைப் போலத் தலை குனிந்து நிற்பவர்.

உண்மையிலோ நிலைமை மறுதலையானது. சேமிப்புக் கணக்கிலே பணம் இட்டவர் கடன் கொடுத்தவர். வங்கியே கடன் பட்டது. 1848 ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் இதனைத் தெளிவாகத் தீர்த்து வைத்தது. வாடிக்கையாளர் இட்ட பணம் வங்கியின் பணமாகிவிடுகின்றது. அதற்கு ஈடான தொகையைக் கேட்டபோது கொடுக்க வங்கி கடமைப்பட்டுள்ளது. கட்டளைச் சட்டம் ஒன்று வங்கி அலுவல்களில் ஆங்கிலச் சட்டத்தை இலங்கைக்கும் உரியதாக்கிற்று. ஆகவே கருமபீடத்தின் முன்னே முந்தானையை இழுத்துக்கொண்டு நின்ற அப்பெண், சட்டத்தின் கண்ணிலே கடன் கொடுத்தவராவார். கடன் கொடுத்தவர் கணக்குக் கேட்பதில் இரப்பு ஏது?

மகன் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னான். தாயார் மசியவில்லை. அவன் ஊருக்குத் தெரிந்த சான்றுகளுக்குத் திரும்பினான். வாவியின் இரு கரைகளிலும் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவர் தாயார். ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி அரசவையிற் கணக்குக் கேட்டவளைத்தானே அம்மன் என்று கும்பிடுகின்றோம் என்றான் மகன்.

"அவ ராசாவிட்டக் கேட்டவ. அண்ணனிட்டயா கேட்டவ?" என்றார் தாயார்.

மறுமொழி கூர்மையானது. சற்று நேரம் பேசாதிருந்த மகன் பின்னர் வண்ணக்கரைக் குறிப்பிட்டான். மட்டக்களப்புக் கோயில்களில் நிருவாகப் பொறுப்பை ஏற்பவர் வண்ணக்கர் எனப்படுவார். வண்ணக்கன் என்பது பழந்தமிழில் நாணயத்தின் மாற்றை நோட்டம் பார்ப்பவனைக் குறித்த சொல். சங்கப் புலவர் சிலரின் பெயர்களிலும் அது காணப்படுகின்றது. காசைச் சோதித்தவனின் பெயர் கோயிற் பொறுப்பாளனுக்கு ஆகி வந்தமையும், காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குகின்றமையும் நோக்கத்தக்கன. "சடங்கு முடிய வண்ணக்கர் ஊரைக் கூட்டி வைச்சுக் கணக்கு வாசிக்கிறார். அம்மன் அவரில சந்தேகப்பட்டா வாசிக்கச் சொல்றா? வாசிச்சாத்தானே அடுத்த வருசமும் அவர் தலை நிமிர்ந்து நிக்கலாம். மாமாவுக்கும் அப்படி ஒரு நாள் வேணும் அம்மா" என்றான் மகன்.

தாயார் மறுமொழி சொல்லவில்லை. இரவு உணவுக்குப் பின், "கடிதத்தை எழுது மனே" என்றார்.

கடிதம் தமிழிலேயே எழுதப்பட்டது. தாம் கையொப்பமிடுவது இன்னதன் கீழ் என்பது தாயாருக்குத் தெரிய வேண்டும் என்பதே அதன் காரணம். முகாமையாளருக்கு விளித்து எழுதிய அக்கடிதத்தில் எட்டு விடயங்கள் இடம்பெற்றன: புத்தகத்தில் உள்ளவாறே கணக்குரியவர் இருவரின் முழுப் பெயர்கள், கணக்கிலக்கம், தேசிய அடையாள அட்டையிலக்கம், முகவரியும் தொலைபேசியும், கூற்று எந்த நாள் முதல் எந்த நாள் வரை வேண்டும் என்பது, வேண்டும் நோக்கம், ஒவ்வொரு தாளிலும் வங்கியின் முத்திரையும் அதிகாரமளிக்கப்பட்டவரின் கையொப்பமும் இட்டுத் தர வேண்டும் என்ற வேண்டுகோள், அதற்குரிய கட்டணத்தைக் கணக்கிலேயே கழித்துக்கொள்ளலாம் என்ற சம்மதம். அடையாள அட்டையிலக்கம் பற்றி ஒரு சிறு சிக்கல் இருந்தது. கணக்குத் திறந்தபோது தாயாரிடம் இருந்தது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டை. இப்போது உள்ளது பன்னிரண்டு இலக்கம் கொண்டது. மகன் இரண்டையும் குறித்தான்.

காலவெல்லையே கடிதத்தின் உயிராகும். "கூற்று வேண்டும்" என்று மாத்திரம் கேட்போர்க்குக் கடைசிச் சில மாதங்களின் தாளே கிடைக்கும். இங்கு வேண்டியது 2017 மார்ச் 1 முதல் 2020 டிசெம்பர் 31 வரையிலான பதிவு. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடற் சட்டம், கொடுக்கல் வாங்கற் பதிவுகளைக் குறைந்தது ஆறு ஆண்டுகளுக்குப் பேண வேண்டும் என்கின்றது. கடிதம் எழுதப்பட்டது 2023 மார்ச் மாதத்தில். முதற் பதிவுகள் அவ்வெல்லையின் விளிம்பில் நின்றன. வங்கிகள் அதற்கு மேலும் பேணுவது உண்டு. ஆயினும் சட்டம் கட்டாயப்படுத்தும் காலம் கழிந்தபின், கேட்பது உரிமையாக இல்லாது வேண்டுதலாகவே இருக்கும். மௌனத்துக்கும் ஒரு காலவெல்லை உண்டு என்பதை மகன் அன்று கண்டான்.

தாயாரும் மகனும் மறுநாட் காலை சென்றனர். "புத்தகம் இருக்கிறதுதானே அம்மா, கூற்று எதற்கு?" என்று கேட்டார் உத்தியோகத்தர். தாயார் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் பேசவில்லை. "புத்தகத்தில மாதம் மாதமா இல்லை. எனக்கு மாதம் மாதமா வேணும்" என்றார் தாயார். சொல்லிவிட்டு அவர் முந்தானையை விட்டுவிட்டார்.

கையொப்பத்தில் மீண்டும் தடை வந்தது. கணக்குத் திறந்த நாளில் அட்டையில் இட்ட மாதிரிக் கையொப்பத்துக்கும் கடிதத்தில் உள்ளதற்கும் ஒற்றுமை போதவில்லை. நாலாண்டு குவைத்தில் அவர் எழுதுகோலைத் தொட்ட நாட்கள் சிலவே. உத்தியோகத்தர் பொறுமையாக வேறொரு தாளைக் கொடுத்தார். மூன்றாம் முறை இட்ட கையொப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பழைய காலத்துப் பதிவுகள் ஆகையால் உடனே தர இயலாது. சில நாட்கள் கழித்து வரவேண்டும் என்று சொல்லப்பட்டது. மகன் கடிதத்தின் பிரதியில் ஏற்றுக்கொண்ட திகதியைக் குறித்து வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் கூற்றுக் கிடைத்தது. பல தாள்கள், ஒவ்வொன்றிலும் நீல நிற முத்திரை. அச்செழுத்து ஆங்கிலம். எண்களோ எவருக்கும் பொதுவானவை. முதலில் மகனே சற்றுத் தடுமாறினான். பாடசாலைக் கணக்கீட்டிலே கைக்கு வந்த காசு டெபிட் பக்கத்திற் குறிக்கப்படும்; இங்கோ வந்த பணமெல்லாம் கிறெடிட் நிரலில் நின்றது. காரணம் எளிது. அது வங்கியின் ஏடு. நம்முடைய ஏடு அன்று. நாம் இட்ட பணம் வங்கிக்குக் கடன் ஆகையால், அதனைத் தான் கொடுக்க வேண்டியவர் பக்கத்தில் வங்கி எழுதுகின்றது. 1494 இல் வெனிசில் அச்சான லூக்கா பாச்சோலியின் கணித நூல் விளக்கிய இரட்டைப் பதிவு முறையின் இயல்பு இது: ஒரே காசுக்கு இரு முகங்கள், எவர் ஏட்டில் நின்று பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்து முகம் மாறும். கூற்றின் மற்றைய நிரல்கள் திகதி, விபரம், எடுத்த தொகை, மீதி என்பன. விபரத்தில் உள்ள சுருக்கெழுத்துக்களைக் கொண்டு, வெளிநாட்டிலிருந்து வந்தது எது, கருமபீடத்தில் நேரே இட்டது எது, வட்டி எது என்று பிரித்தறியலாம்.

மாமனை அழைக்காது அத்தாள்களைப் படிப்பதில்லை என்று தாயார் உறுதியாகச் சொன்னார். மகன் சென்று அழைத்தான். "மாமா, கணக்குப் பார்க்க இல்லை, கணக்கு வாசிக்க" என்றான். அவ்வேறுபாடு அவருக்கு விளங்கியதோ என்னவோ, அன்று மாலை வந்தார். வாசலில் மிதியடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்தியிலேயே இருந்தார். மகன் உரக்க வாசித்தான். தமக்கை ஒரு கொப்பியில் எழுதினாள்.

குவைத்திலிருந்து பணம் வந்த தடவைகள் முப்பத்தேழு. நாற்பத்தாறு அல்ல. முதல் மூன்று மாதங்கள் வெறுமையாக இருந்தன. 2020 ஏப்பிரல் முதல் ஓகஸ்ட் வரை ஐந்து மாதங்கள் வெறுமை. இடையில் 2019 இல் ஒரு மாதம். ஒன்பது மாதங்கள் வாசிக்கப்படாமலே கடந்தன. தாயார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். நெடுநேரம் நிலத்தைப் பார்த்திருந்தார். முதல் மூன்று மாதச் சம்பளம் தம்மை அழைத்துவந்த செலவுக்கென்று அந்த வீட்டார் பிடித்துக்கொண்டதையும், நோயில் விழுந்த மாதத்துக்குச் சம்பளம் தராததையும், கொரோனாக் காலத்தில் ஐந்து மாதம் உணவுக்கு மாத்திரம் வேலை செய்ததையும் அப்போதுதான் சொன்னார். பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்று அவர் எவரிடமும் சொல்லாதவை அவை. சொல்லாமல் விட்டதை நாளடைவில் தாமும் மறந்துவிட்டார். அவரது நினைவு உழைத்த மாதங்களை எண்ணியிருந்தது. வங்கியோ பணம் வந்த மாதங்களை எண்ணியிருந்தது. இரண்டுக்கும் இடையில் இருந்த ஒன்பது மாதங்களையே அவர் அண்ணனின் கையிலே தேடிக்கொண்டிருந்தார்.

வந்த தொகை மொத்தம் 1,142,000 ரூபா. வாசிப்புத் தொடர்ந்தது. 2018 ஜூன் மாதத்தில் எடுக்கப்பட்ட 60,000 ரூபாவுக்கு வந்தபோது மாமனே வாய் திறந்தார். "அது வீட்டுக்கு எடுத்ததில்லை, தங்கச்சி. மகனுக்கு வருத்தம் வந்த நேரம். கேட்டுத்தான் எடுத்திருக்க வேணும்." அவ்வாண்டு ஒக்டோபரில் 35,000 ரூபாவும், அடுத்த ஜனவரியில் 25,000 ரூபாவும் கருமபீடத்தில் நேரே இடப்பட்டிருந்தன. எடுத்ததும் திருப்பி இட்டதும் அதே தாள்களில் இருந்தன. அவர் இரண்டு ஆண்டுகளாக இவ்வீட்டு வாசலை மிதிக்காமைக்குச் சினம் மாத்திரம் காரணம் அன்று என்பது அப்போது தெரிந்தது. கணக்குக் கேட்டால் அந்த அறுபதினாயிரத்தைச் சொல்ல வேண்டிவரும் என்ற நாணமும் காரணமாக இருந்தது.

2020 மே மாதத்தில் இன்னொரு பதிவு: கருமபீடத்தில் இட்டது 80,000 ரூபா. குவைத்திலிருந்து ஒரு சதமும் வராத மாதம் அது. இது எங்கிருந்து வந்தது என்று மகன் கேட்டான். மாமன் விடை சொல்லாது வெற்றிலைப் பையை அவிழ்த்தார். அவருடைய மகனே பின்னர் சொன்னான்: மாடு இரண்டு விற்ற காசு. கூரை மரம் ஏற்றி ஓடு வேயாது விட்டால் மழைக்கு மரம் பழுதாகிவிடும் என்று விற்றது. அறுபதினாயிரம் எடுத்ததைச் சொல்ல நாணியவர், எண்பதினாயிரம் இட்டதைச் சொல்லவும் நாணினார். ஒன்றைச் சொன்னால் மற்றதும் வெளிவரும் அல்லவா?

அன்று எவரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. தாயார் எழுந்து சென்று தேநீர் ஊற்றினார். மாமன் குந்தியிலிருந்து எழுந்து உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தார். சீமெந்துப் பூச்சு இல்லாத குந்தியைக் கையாற் தட்டிக் காட்டி, கலியாணத்துக்கு முன் இதை முடிக்க வேண்டும் என்றார். அந்த எண்பதினாயிரம் பற்றிப் பேச்சு எழுந்தபோது, அதைத் தம் மருமகளுக்குத் தாம் செய்யும் சீராக எழுதும்படி சொன்னார். கொப்பியில் அவ்வாறே எழுதப்பட்டது.

முத்திரையிடப்பட்ட அத்தாள்கள் நீதிமன்றம் செல்லத் தகுதியுடையவை. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் வங்கிப் புத்தகங்கள் பற்றிய பகுதி, முறைப்படி உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைச் சான்றாக ஏற்கின்றது. அவை நீதிமன்றம் செல்லவில்லை. காணி உறுதியோடு சேர்த்து ஒரு பொலித்தீன் உறையில் மடித்து வைக்கப்பட்டன. ஆவணி மாதத்திற் கலியாணம் நடந்தது. முன்னின்றவர் தாய்மாமன்.

கணக்குக் கூற்றினால் எல்லாம் சீராயிற்று என்று முடிப்பது பொருந்தாது. அந்த ஒன்பது மாதச் சம்பளம் எந்த ஏட்டிலும் இல்லை. எந்த வங்கியும் அதற்குக் கூற்றுத் தர இயலாது. எந்தக் கருமபீடத்தில் நின்று அதைக் கேட்பது என்பதும் அத்தாயாருக்குத் தெரியாது. எனினும், இழப்பு எங்கே நேர்ந்தது என்பதை அறிந்தமையால், இழப்புக்குக் காரணமாகாத ஒருவர் மீது அதைச் சுமத்தியிருந்த பாரம் நீங்கிற்று. கணக்குக் கேட்டமையால் உறவு முறியும் என்று அஞ்சிய இருவரும், கேளாதிருந்தமையாலேயே இரண்டு ஆண்டுகள் முறிந்து கிடந்தனர்.

கலியாணத்துக்குப் பின்னர் தாயார் தம் பெயரில் மாத்திரம் புதிய கணக்கு ஒன்றைத் திறந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை களுவாஞ்சிகுடிக்குச் சென்று அதன் கூற்றைக் கேட்டு வாங்கி வருகின்றார். கடிதத்தைத் தாமே எழுதுகின்றார். கையொப்பம் முதல் முறையிலேயே ஒத்துப்போகின்றது. வீடு வந்ததும் குந்தியில் இருந்து மருமகனுக்கும் மகளுக்கும் கேட்க ஒவ்வொரு வரியாக வாசிக்கின்றார். அண்ணன் வந்திருந்தால் அவருக்கும் கேட்கும்படி சற்று உரக்க வாசிக்கின்றார்.